பொறுப்பைக் கேட்டுப் பெறுதல்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவமன்று. உத்தியோகத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் தம் முகாமையாளரிடம் சென்று, “இப்போது செய்வதிலும் கடினமான வேலையொன்றை என் பொறுப்பில் விடுங்கள்” என்று கேட்கலாமா? கேட்பதாயின் எவ்வாறு கேட்பது? இவ்வளவே எமது பேச்சின் பொருள்.

இப்பொருளை நாம் தேடிப் போகவில்லை. அதுவே எம்மிடம் வந்தது. சென்ற மாதக் கூட்டம் முடிந்து, எல்லோருமாகப் பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த வேளையில், நமது அங்கத்தவரான இளைஞர் ஒருவர் எம்மருகே வந்து நின்றார். கணக்கியல் படித்தவர். ஒரு வியாபார நிலையத்தின் கணக்குப் பகுதியில் மூன்று ஆண்டுகளாகப் பணி புரிகிறார். காலையிற் சென்று அமர்ந்தால் மாலைவரை பற்றுச்சீட்டுகளைக் கணனியிற் பதிவதே அவருடைய வேலை. முதலாண்டிற் செய்ததையே மூன்றாமாண்டிலும் செய்கிறார். “வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகலாமென்று யோசிக்கிறேன், ஐயா” என்றார்.

“தம்பி, வேறு வேலை தரும்படி உமது முகாமையாளரிடம் ஒருமுறையாவது கேட்டீரா?” என்றோம்.

“கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ, ஐயா! அப்பாவும் வேண்டாமென்கிறார். கிடைத்த வேலையைச் சத்தமின்றிச் செய் என்கிறார்” என்றார்.

கடல் கடந்து போக ஆயத்தமாயிருக்கும் இளைஞருக்கு, பத்தடி தூரத்திலிருக்கும் அறைக்குள் போகத் துணிவு வரவில்லை. இதைக் கேட்டு நாம் நகைக்கவில்லை, வருந்தினோம். ஏனெனில் இந்நிலை அவர் ஒருவருடையதன்று. இச்சபையில் அமர்ந்திருக்கும் இளைஞர் பலருடைய நிலையும் அதுவே. ஒரு காலத்தில் எமது நிலையும் அதுவாகவே இருந்தது.

நாம் ஏன் கேட்பதில்லை? முதலாவது காரணம் நமது ஊரின் பழக்கம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது நம்மவர் முதுமொழி. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஓர் எழுதுவினைஞர் பதவி கிடைத்தால் அது ஒரு குடும்பத்தையே கரையேற்றிவிடும். அப்பதவியைப் பெறுவதே முயற்சியின் எல்லையாக இருந்தது. பெற்ற பின்னர் ஆண்டுகள் கடந்தாற் படிகள் ஏறும். சேவைக்காலமே ஒருவரை உயர்த்தும். அந்நாளில் வாய் திறவாதிருந்தவர் எதையும் இழக்கவில்லை. இன்று நிலைமை வேறு. அன்று பத்துப் பேர் பேரேடுகளில் எழுதியதை இன்று ஒரு கணனி செய்து முடிக்கிறது. ஒரே வேலையை மட்டும் அறிந்தவர் அவ்வேலை மறையும்போது தாமும் தேவையற்றவராகிறார். தந்தையார் கூறிய அறிவுரை அன்புள்ளதுதான். ஆனால் அது அவர் காலத்துக்குப் பொருந்திய அறிவுரை.

இரண்டாவது காரணம், கேட்பது அடக்கமின்மை என்ற எண்ணம். இதுபற்றிச் சற்றே சிந்திப்போம். இராம காதையில், கடலைத் தாண்டுவது எவ்வாறென்று வானரர் கூடி ஆலோசிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலைச் சொல்லி, இவ்வளவு தூரமே எம்மால் முடியும் என்கிறார்கள். அனுமனோ ஒன்றும் பேசாதிருக்கிறான். ஜாம்பவான் அவனிடம் சென்று அவனுடைய வலிமையை அவனுக்கு நினைவூட்டிய பின்னரே அவன் எழுகிறான். இக்கதையைக் காட்டி, “அனுமனே கேட்கவில்லையே, நாம் கேட்கலாமா?” என்று சொல்வாருண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இது: எல்லாக் கந்தோரிலும் ஒரு ஜாம்பவான் இருப்பதில்லை. இருந்தாலும் அவருக்கு ஆயிரம் அலுவல். உமது ஆற்றலை அவர் தாமாக அறியவேண்டுமென்று காத்திருப்பது அடக்கமன்று. இல்லாத ஆற்றலை உண்டென்று சொல்லாதிருப்பதும், உள்ள ஆற்றலைப் பெரிதாக்கிச் சொல்லாதிருப்பதுமே அடக்கம்.

மூன்றாவது காரணம், “சம்பளம் ஏறாமல் வேலை மட்டும் ஏறுவதா?” என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்குப் பின்னர் வருவோம்.

கேட்டவர்கள் இருவரைப்பற்றி இப்போது சொல்வோம். ஒருவர் நமக்கு அண்மையிலுள்ளவர், மற்றவர் தூரத்திலுள்ளவர்.

கணித மேதை இராமானுசனை நீங்கள் அறிவீர்கள். அந்நாளிற் கல்லூரிப் பட்டம் பெறாதிருந்தவர். 1910ஆம் ஆண்டில், வறுமையால் வாடிய அவர், திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரிடம் சென்று, வருவாய்த்துறையில் ஒரு சிறு எழுத்தர் வேலை கேட்டார். கேட்கப்போனவர் வெறுங்கையுடன் போகவில்லை. தமது கணிதக் குறிப்பேட்டையும் கொண்டுபோனார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அந்த ஏட்டைப் பார்த்தார். இத்தகைய அறிவைக் கடைநிலை உத்தியோகத்தில் அமர்த்தி அமுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. கணிதம் அறிந்த வேறு பெரியோரிடம் அவரை அனுப்பிவைத்தார்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இராமானுசனுக்குச் சென்னைத் துறைமுகக் கந்தோரின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்காளராயிருந்த நாராயண ஐயரும், அவருக்கும் மேலே தலைவராயிருந்த பொறியியலாளர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய திறமையை அறிந்து ஆதரித்தார்கள். 1913ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தில், தாம் கணக்குப் பகுதியில் ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் பெறும் ஓர் எழுத்தர் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறார், அதை மறைக்கவில்லை. அடுத்துத் தாம் கண்டுபிடித்த முடிவுகள் பலவற்றை எழுதி, அவற்றைப் பார்க்கும்படி வேண்டுகிறார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914இற் கப்பலேறினார், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

“ஐயா, நாம் இராமானுசன் அல்லவே” என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், நாமும் அல்லோம். அவருடைய அறிவை நாம் பின்பற்ற முடியாது. ஆனால் அவர் கேட்ட முறையைப் பின்பற்றலாம். தமது நிலையை மறைக்காமற் சொன்னார், செய்த வேலையை முன்னே வைத்தார், பின்னரே கேட்டார்.

மற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த கதரின் ஜோன்சன் என்ற பெண்மணி. கறுப்பினத்தவர். அவர் 1953ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி விமான ஆராய்ச்சி நிலையத்திற் கணக்கிடும் வேலையில் அமர்ந்தார். அக்காலத்தில் அங்கே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். பொறியியலாளர்கள் எண்களை அனுப்புவார்கள். பெண்கள் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புவார்கள். எதற்காக அக்கணக்கு என்று அவர்கள் கேட்பது வழக்கமில்லை. ஜோன்சன் கேட்டார். பொறியியலாளர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குத் தாமும் வரலாமா என்றார். பெண்கள் அங்கே வருவதில்லை என்றார்கள். அதற்குத் தடையாக ஏதும் சட்டம் உண்டா என்று திரும்பக் கேட்டார். சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. பின்னர் அவரைக் கூட்டத்துக்கு அனுமதித்தார்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். 1960ஆம் ஆண்டில், விண்கலத்தின் பாதைபற்றிய ஓர் அறிக்கை அவர் பெயரையும் ஆசிரியராகத் தாங்கி வெளிவந்தது. அவருடைய பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அவ்வாறு வந்தது அதுவே முதன்முறை. 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன்னர், கணனி தந்த எண்களை ஜோன்சனே கையாற் கணித்துச் சரிபார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். 2015இல் அந்நாட்டுச் சனாதிபதி அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கினார்.

இளைஞர்களே, அவர் முதலிற் கேட்டது பதவியா? சம்பளமா? இரண்டுமன்று. தாம் செய்யும் வேலையின் காரணத்தை அறியக்கூடிய இடத்தில் அமர அனுமதி கேட்டார். வேலையின் காரணத்தை அறிந்தவரிடமே அடுத்த பொறுப்பு வந்து சேரும்.

இனி, எம்முடைய கதையையும் சொல்லிவிடுகிறோம். பெரியோருடைய வெற்றியை மட்டும் சொல்லி எமது தவறை மறைப்பது நேர்மையாகாது.

இளமையில் நாம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்தோம். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலை மூத்தவர் ஒருவரிடம் இருந்தது. அவ்வேலையில் எமக்கு ஆசை. ஒருநாள் பலர் முன்னிலையில், “அவர் இரண்டு நாளிற் செய்வதை எம்மால் ஒரு நாளிற் செய்ய முடியும்” என்று முகாமையாளரிடம் சொன்னோம். மூத்தவரின் முகம் வாடியதை நாம் அன்று கவனிக்கவில்லை. சில மாதங்களில் அவர் ஓய்வுபெற, அந்த வேலை எமக்கே வந்தது.

முதல் மாதமே தவறினோம். ஒன்றரை மடங்கு வீதத்திற் கணிக்கவேண்டிய மேலதிக நேரத்தைச் சாதாரண வீதத்திலேயே கணித்துவிட்டோம். சம்பளநாள் மாலை, களஞ்சியத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர் சம்பளத் துண்டைக் கையில் பிடித்தபடி எமது மேசைக்கருகே வந்து நின்றார். கோபிக்கவில்லை. “ஐயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்கவென்று இரவு வேலையும் செய்தேன். காசு குறைகிறது போலிருக்கிறது, ஒருக்காற் பாருங்கோ” என்றார். பார்த்தோம். அவர் சொன்னது சரி. அவருடையது மட்டுமன்று, அந்த மாதம் மேலதிக நேரம் செய்த எல்லோருடைய கணக்கும் பிழை.

பொறுப்பு என்றால் என்னவென்று அன்றுதான் எமக்கு விளங்கியது. அதுவரை அதை ஒரு மரியாதையென்று எண்ணியிருந்தோம். நாம் பிழைவிட்டால் வேறொருவர் வீட்டிற் குறை நேரும் என்பதே பொறுப்பு. அன்றிரவு முழுவதும் கணக்கைத் திருத்தினோம். காலையில் முகாமையாளரிடம் நாமே சென்று பிழையைச் சொல்லி, திருத்திய பட்டியலையும் கொடுத்தோம். வேலை கைவிட்டுப் போகுமென்றே நினைத்தோம். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “குறைந்த காசை இன்றைக்கே கொடுத்துவிடும். வருகிற மாதமும் நீரே செய்யும்; ஆனால் இன்னொருவரைக்கொண்டு சரிபார்த்த பின் என்னிடம் கொண்டுவாரும்” என்றார். ஓய்வுபெற்ற மூத்தவரின் வீட்டுக்கும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எம்மை இருத்தித் தேநீர் தந்து, சம்பளப் பட்டியலில் எங்கெங்கே பிழை வருமென்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், தொழில்கொள்வோர் பங்கு 12 வீதம் என்பதை நாம் அறிவோம். ஆனால் எந்தெந்தக் கொடுப்பனவு அக்கணக்கிற் சேரும், எது சேராது என்பதை அவரிடமே கற்றோம். முதலிலேயே அவரிடம் மாணாக்கராய்ப் போயிருந்தால் அந்தத் தொழிலாளி எமது மேசைமுன் வந்து நின்றிருக்க மாட்டார்.

ஆகவே கேட்கலாமா என்பதற்கு விடை, கேட்கலாம் என்பதே, கேட்கவும் வேண்டும். எவ்வாறு கேட்பது என்பதை, நாம் பட்டறிந்த அளவிற் சொல்கிறோம்.

முதலில் உமது மேசையைப் பாரும். இப்போதுள்ள வேலை நிலுவையில் இருக்கும்போது அடுத்த வேலையைக் கேட்பவரை யாரும் நம்பார். மேலும், உம்மை வேறு வேலைக்கு எடுத்தால் இந்த வேலையை யார் செய்வதென்பதே முகாமையாளரின் முதற் கவலை. அக்கவலையை நீரே நீக்கும். உமது வேலையை எப்படிச் செய்வதென்று புதியவர் ஒருவர் வாசித்து விளங்கக்கூடியதாக இரண்டு பக்கங்களில் எழுதி வையும்.

இரண்டாவது, எதைக் கேட்கிறீர் என்பதைத் தெளிவாகக் கேளும். “பெரிய பொறுப்பு ஏதாவது தாருங்கள்” என்றால் எந்த முகாமையாளரும் என்ன செய்வதென்று அறியாது திகைப்பார். “மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை இரண்டு மாதங்களுக்கு நான் தயாரித்துப் பார்க்கிறேன், மூத்தவர் சரிபார்க்கட்டும்” என்று கேட்டால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். பிழை நேர்ந்தாலும் திருத்தக்கூடிய அளவான வேலையையே முதலிற் கேட்பது விவேகம்.

மூன்றாவது, காலமும் இடமும். திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்றோர் அதிகாரம் உண்டு. அரசரை அடுத்திருப்பவர் அவருடைய குறிப்பையும் காலத்தையும் அறிந்து பேசவேண்டுமென்று வள்ளுவர் அங்கே கூறுகிறார். இன்றைய முகாமையாளர் மன்னரல்லர். எனினும் அவ்வறிவுரை பொருந்தும். கணக்காய்வு நடக்கும் வாரத்திற் கேளாதீர். பலர் முன்னிலையிற் கேளாதீர். பத்து நிமிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு தனியே பேசும். நேரடி மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பின் அவரைத் தாண்டிப் போகாதீர். மற்றொருவரைக் குறைத்துப் பேசாதீர். அதன் பலனை நாம் அனுபவித்தோம்.

நான்காவது, அதிக வேலை வேறு, பெரிய வேலை வேறு. பற்றுச்சீட்டு நூறு பதிகிறவரிடம் இன்னும் நூறு சேர்த்துக் கொடுத்தால் அது பாரமே தவிரப் பொறுப்பன்று. எங்கே உமது அறிவைக்கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கிறதோ, எங்கே உமது கையொப்பத்துக்கு நீர் பதில் சொல்லவேண்டியிருக்கிறதோ அதுவே பொறுப்பு. இந்த வேறுபாட்டை அறியாதவர் நல்லெண்ணத்தோடு கேட்கப்போய், பிறர் தட்டிக்கழித்த வேலையெல்லாம் சுமப்பார்.

இவ்விடத்திற் சம்பளக் கேள்விக்கு வருவோம். முதல்நாளே பொறுப்பையும் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்டால், கேட்டது சம்பளமாகவே காதில் விழும். முதலில் வேலையைச் செய்துகாட்டும். என்ன செய்தீர், எப்போது செய்தீர், அதனால் என்ன பயன் விளைந்தது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வையும். ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின் அக்கொப்பியுடன் சென்று உமக்குரிய ஊதியத்தைக் கேளும். அப்போது கேளாதிருப்பதும் தவறு. உழைப்பை வாங்கிக்கொண்டு ஊதியத்தை மறக்கிற இடத்தில் வாழ்நாள் முழுவதும் இருக்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாவது, மறுப்பு. இல்லை என்ற பதிலும் வரலாம். அப்போது முகம் கோணாமல், “என்னிடம் எது குறைகிறது? அதை நிரப்பிக்கொண்டு எப்போது மீண்டும் கேட்கலாம்?” என்ற இரண்டு கேள்விகளைக் கேளும். விடை கிடைத்தால் உமக்கு வழி கிடைத்தது. மூன்று முறை கேட்டும் விடை வராதாயின், அதுவும் ஒரு விடையே. பின்னர் வேறிடம் போவதிற் குற்றமில்லை. கேளாமற் போவதுதான் குறை.

இறுதியாக, பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் முகாமையாளராகவும் திணைக்களத் தலைவராகவும் அதிபராகவும் இருக்கிறீர்கள். ஓர் இளைஞர் உங்கள் அறைவாசலில் வந்து தயங்கி நின்றால், அவர் பல நாள் யோசித்தே வந்திருப்பார். “பொறும், காலம் வரும்” என்று திருப்பி அனுப்பாதீர்கள். திருக்குறளின் தெரிந்து வினையாடல் என்ற அதிகாரம் உங்களுக்கென்றே அமைந்தது. ஆராய்ந்து பாருங்கள், தகுதி கண்டால் முழுமையான வேலையொன்றை, சிறிதாயினும், அவரிடம் விட்டுவிடுங்கள். பிழைவிட்டால் அதைத் தாமே வந்து சொல்லும் துணிவு அவருக்கு இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள். எமது முகாமையாளர் அன்று எம்மை ஏசி அனுப்பியிருந்தால், அடுத்த பிழையை நாம் மறைத்திருப்போம்.

இச்சங்கமும் பயில்வதற்கு ஏற்ற இடமே. விழாவின் வரவுசெலவுக் கணக்கு, இம்மலரின் அச்சுப்படி திருத்தம், கூட்டக் குறிப்பேடு ஆகியவை ஆண்டுதோறும் அதே நான்கு மூத்தவர்களின் கையிலேயே இருக்கின்றன. இளைஞர்களே, அடுத்த செயற்குழுவில் இவற்றுள் ஒன்றைக் கேளுங்கள். மூத்தவர்களே, கேட்டாற் கொடுங்கள்.

தொடக்கத்திற் சொன்ன இளைஞரைப்பற்றி ஒரு வார்த்தை. அவர் சென்ற வாரம் தம் முகாமையாளரிடம் கேட்டுவிட்டார். கணக்காய்வு முடியட்டும், பின்னர் வந்து பாரும் என்று பதில் கிடைத்ததாம். அவர் இப்போது தமது வேலையைப்பற்றிய அந்த இரண்டு பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதியதை வாசித்துத் திருத்துகிறவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பேசாமல் இரு என்று சொன்ன அவருடைய தந்தையாரே. இருவரும் இச்சபையில் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லி அவர்களை நாணச் செய்யோம்.

அவருக்கு அந்த வேலை கிடைக்குமோ என்பதை நாம் அறியோம். ஆனால் அந்தப் பத்தடி தூரத்தை அவர் நடந்துவிட்டார். நம் இளைஞர் யாவரும் அவ்வாறு நடக்கவும், நடந்து வருவோரை நம் பெரியோர் எழுந்து வரவேற்கவும் திருவருள் துணைநிற்பதாக.